சாயங்காலப் பூக்குழி

பூக்குழியைச் சாயங்காலத்துக்கு மாற்றியது யார் என்று இப்போது போய்க் கேட்டால், கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கமிட்டியில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்பார்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று ஒன்று இங்கே இதுவரை இருந்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுவதிலேயே மூன்று கட்சி உண்டு. மாற்றியது பெத்துராஜ்தான்.

பெத்துராஜுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா, மாரியம்மன் கோயிலில் கமிட்டிச் செயலாளர். அலுவலகத்தில் அவர் பேச்சை யார் கேட்டார்களோ தெரியாது, கோயிலில் மைக் அவர் கையில் இருந்தது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். போவதற்குள் சித்திரைத் திருவிழாவை ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்கிற மாதிரி நடத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். விடியற்காலையில் பூக்குழி இறங்கினால் யார் வருவார்கள்? நேர்த்திக்கடன் உள்ளவர்களும், வெளிச்சம் வந்ததும் வேப்பமரத்தில் கத்துகிற காக்கைகளும்தான்.

"கவுன்சிலர் சாயங்காலம்னா வர்றேங்கிறாரு. எம் மகன் அசோக்கோட ஆபீஸ் பயலுகளும் நியூ டவுன்ல இருந்து வர்றாங்களாம். வெள்ளன வச்சா எவன் வருவான்?" என்றார் கூட்டத்தில்.

வைசாகம் என்று இங்கே சொல்கிற சித்திரை மாதச் சாயங்காலம் என்றால் கல்கத்தாவில் என்ன வரும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். மத்தியானம் முழுக்க இலை அசையாமல் புழுங்கும். நாலு, ஐந்து மணிக்கு வடமேற்கே வானம் கறுக்கும். பிறகு காலபைசாகி என்கிற கோடைப் புயல் வரும். காயப்போட்ட துணியை எடுக்கவும் நேரம் இருக்காது. பெத்துராஜுக்கும் தெரியும். முப்பது வருஷமாக அவர் வீட்டுத் துணியும் பறந்திருக்கிறது. ஆனால் ஊரில் சாயங்காலம்தான் இறங்குவார்கள் என்று ஒரே பிடியாக நின்றார். ஊரில் சாயங்காலம் காற்று அடங்கும், இங்கே சாயங்காலம்தான் காற்றே பிறக்கும் என்று சொல்ல வாயெடுத்த ரெண்டொருவரும், கவுன்சிலர் பெயர் வந்ததும் காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி ராமாயி சொன்னாள். குவார்ட்டர்ஸ் சுவர் ஒற்றைச் செங்கல். பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் நமக்குத் தும்மல் வரும். ஆகவே இது காதில் விழுந்ததே தவிர யாரும் ஒட்டுக் கேட்டதில்லை.

"ஏங்க, வெள்ளனயே வச்சுக்கங்க. சாயங்காலம் காத்து வரும்."

"ஆத்தாளுக்குத் தெரியாத காத்தா?"

"ஆத்தாளுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமான்னுதான் கேக்கேன்."

அந்த வருஷம் குழியில் இறங்குகிறவர்களில் ராமாயியும் ஒருத்தி. போன மழைக்காலத்தில் மகன் அசோக்குக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போய், டாக்டர்கள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியபோது அவள் வேண்டிக்கொண்டது அது. "பிள்ளையை விட்டுரு தாயி, நான் ஒன் பூவுல இறங்குறேன்." அசோக் பிழைத்தான். அம்மன் பிழைக்க வைத்தாள் என்பது ராமாயி கணக்கு. எதிர் பிளாக் தபன் பாபு தன் கிளப் பையன்களைக் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தட்டணு கொடுக்க வைத்தார் என்பதும் அவள் கணக்கில் உண்டு. அம்மனையும் தபன் பாபுவையும் அவள் ஒன்றுக்கொன்று எதிராக வைத்ததில்லை.

காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டோடு நூல். கட்டினால் மீன் கிடையாது, கட்டில் கிடையாது, எழவு வீட்டுக்குப் போகக் கூடாது. குழி இறங்கிய பிறகு பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். பூசாரி உத்தமன் பகலில் ஒர்க்ஷாப்பில் வெல்டர். வருஷம் முழுக்க நெருப்போடுதான் இருப்பார், ஆனாலும் சித்திரையில் மட்டும் அவருக்கு அருள் வரும்.

காப்புக் கட்டிய நாட்களுக்குள்தான் தபன் பாபுவின் தாயார் போய்ச் சேர்ந்தார். தபன் பாபுவோ பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, கனத்த மாவுக்கட்டோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் மனைவி ஷிப்ரா ஒற்றை ஆளாக அழுதாள். மத்தியான வெயிலில் ரெண்டு பிளாக்கும் தூங்குகிற நேரமாகப் பார்த்து ராமாயி முற்றத்தைக் கடந்து அந்த வீட்டுக்குள் போனாள். ஷிப்ராவின் தலையைத் தோளில் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். வந்து மஞ்சள் தண்ணீரில் தலை முழுகினாள்.

ஒருவரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். மொட்டை மாடியில் கூழ்வடகத்துக்குக் காவல் இருந்த அருக்காணி என்கிற கொங்கு நாட்டு ஜீவனை அவள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பூக்குழியன்று காலையிலேயே அசோக் போனை நீட்டினான். "அப்பா, அலிப்பூர் வானிலை ஆபீஸ்ல அலர்ட் குடுத்திருக்காங்க. ஜோர் ஆஷ்பே. புயல் வருதாம்."

"அலிப்பூர்க்காரன் மழைன்னா துணியக் காயப்போடலாம்டா" என்றார் பெத்துராஜ். மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்ததால் அதற்குமேல் பேச முடியவில்லை.

மத்தியானம் கோயில் முன்னால் முற்றத்தில் கட்டை அடுக்கினார்கள். முற்றத்துக்கு நாலு பக்கமும் அடைப்பு. ஒரு பக்கம் கோயில், ரெண்டு பக்கம் குடியிருப்பு, ஒரு பக்கம் உயர்ந்த மதில். வடமேற்கு மூலையில் சைக்கிள் போகிற அளவுக்கு ஒரு சந்து. அடுக்கியது மாமரக் கட்டையும் நாவல் கட்டையும். கட்டை எரிந்து கங்காகி, அதைப் பரப்பி, கரகம் முன்னே போக, காப்புக் கட்டியவர்கள் பின்னால் நடக்க வேண்டும் என்பது முறை. ஓரத்தில் பந்தல், பந்தலில் கவுன்சிலருக்குச் சிவப்பு நாற்காலி. பின்னால் தகரக் கொட்டகையில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சின்ன வெங்காயம் உரித்த பெண்கள் வியர்வையையும் கண்ணீரையும் ஒரே முந்தானையில் துடைத்தார்கள். புகை நேராக, நூல் பிடித்த மாதிரி, மேலே போனது. காற்று என்பதே உலகத்தில் கிடையாதோ என்று இருந்தது.

"பாத்தியா? ஒரு இலை ஆடுதா?" என்று பெத்துராஜ் மைக்கிலேயே அசோக்கைக் கேட்டார்.

கவுன்சிலர் வரவில்லை. அவருக்காகக் காத்திருந்ததில் நேரம் போனது. கட்டை பாதி கங்கும் பாதி கொழுந்துமாக இருந்தது. அப்போது பருந்துகள் தாழப் பறந்து மதில்மேல் வந்து உட்கார்ந்தன. சந்து வழியாகத் தெரிந்த வானம் ஸ்லேட் நிறமானது. நேராகப் போன புகை ஒரு தடவை தலையைக் குனிந்தது. கழுத்தில் ஜில்லென்று ஒரு காற்றுப் பட்டது. கொதிக்கிற வெயில் நாளில் அந்த ஜில்லிப்பு சுகமாகத்தான் இருக்கும். அப்பாடா என்று ரெண்டு பேர் சொல்லக்கூடச் செய்தார்கள்.

சந்து வழியாக உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. மதிலில் மோதித் திரும்பியது, பிளாக்கில் மோதித் திரும்பியது. முதலில் தரையில் சருகுகள் வட்டம் போட்டன. வட்டம் ஆடி ஆடி வந்து குழியின் மேல் நின்றது. நின்றதும் கொழுந்து எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முறுக்கிக்கொண்டு எழுந்தது. மாடி உயரம், அப்புறம் அதற்கும் மேலே, தண்ணீர்த் தொட்டி உயரம். கயிறு திரிப்பது போலத் தீயைத் திரித்துக்கொண்டே போனது. சத்தம் கூட்ஸ் வண்டிச் சத்தம். இத்தனை வருஷம் ரயில்வேயில் இருந்தவர்கள் எல்லோரும் தங்களையறியாமல் தண்டவாளப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெருப்பு சுத்துதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

சுழல் குழியில் நிற்கவில்லை. கங்குகளை உறிஞ்சி நாலாபக்கமும் துப்பிக்கொண்டு நகர்ந்தது. பந்தல் துணி காகிதம் மாதிரிப் போனது. சிவப்பு நாற்காலி உருகி உட்கார்ந்தது. கொட்டகைத் தகரம் ஒன்று கிளம்பி, மதிலைத் தாண்டி, அடுத்த தெருவில் போய் விழுந்தது. மைக்கைக் காப்பாற்றப் போன பெத்துராஜின் பாதி மீசையும் ஒரு புருவமும் கருகின. உத்தமன் கரகத்தோடு கோயிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். குறை சொல்வதற்கில்லை, நாங்களும் ஆளுக்கொரு கதவைத்தான் தேடினோம்.

ராமாயி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். தபன் பாபு வீட்டு ஜன்னல் திரை பற்றியிருந்தது. உள்ளே மாவுக்கட்டோடு மனுஷன், ஷிப்ரா கடைக்குப் போயிருந்தாள். "பாஞ்ச்சாவ்! பாஞ்ச்சாவ்!" காப்பாற்று என்று அவர் கத்துவது கூட்ஸ் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

சுற்றிப் போகலாம்தான். சுற்றிப் போகிற வழியில் பந்தல் எரிந்துகொண்டிருந்தது. அவள் நேராக ஓடினாள். நேராக என்றால் குழி, அதைச் சுற்றிச் சிதறிக் கிடந்த கங்கு. மஞ்சள் சேலையை முழங்காலுக்கு வழித்துக்கொண்டு, வெறுங்காலோடு, அதன் மேலேயே ஓடினாள். உள்ளே போய் தபன் பாபுவைப் படுக்கைவிரிப்போடு சேர்த்து இழுத்தாள். அந்த ஆள் நல்ல பாரி சரீரம். வாசல்படியில் மாவுக்கட்டு டமார் என்று இடித்தபோது அவர் போட்ட சத்தம் முந்தைய சத்தத்தைவிடப் பெரியது. பின்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

பிறகு ஆலங்கட்டியோடு மழை. ஒரு இட்லி தின்று முடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் அணைந்து, முற்றம் கறுப்புக் கூழாக ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை. பந்தல், கொட்டகை, கோயில் கூடத்துத் தகரக் கூரை, வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்கள், வேப்பமரத்தில் பாதி, தபன் பாபுவின் முன்னறை, அதில் ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு வைத்திருந்த அவர் தாயாரின் படம் எல்லாம் போயின.

ஷிப்ரா தயிர்ச்சட்டியோடு வந்து நின்றவள் முதலில் பார்த்தது வீட்டை அல்ல. "தீதி, தோமார் பா!" என்றாள். அக்கா, உன் கால்!

உள்ளங்கால் ரெண்டும் பப்பாளிப் பழமாக இருந்தன.

அசோக்கின் நண்பன் ஒருவன் எடுத்த வீடியோ ராத்திரிக்குள் ஊரெல்லாம் போய்விட்டது. அதை நிறுத்தி, விரித்து, தீக்குள் அம்மன் முகம் தெரிகிறது என்று ஒரு கூட்டம். மூக்குத்தி தெரிகிறது என்றவர்களும் உண்டு. "அது காத்துச் சுழல்ங்க, வோர்டெக்ஸ்" என்ற அசோக்கை, "டெங்குல பொழச்ச பய பேசுற பேச்சா இது" என்று அடக்கினார்கள்.

முகம் தெரிந்தால் கோபமும் தெரிய வேண்டும் அல்லவா? கோபத்துக்குக் காரணமாக ஒரு ஆள் வேண்டும். அடுத்த செவ்வாய்ப் பூசையில் உத்தமனுக்கு அருள் வந்தது. "காப்புக் கட்டுன கையில தீட்டு இருக்குடா!" என்றது அருள். அருக்காணி அருளுக்கு உதவியாக மொட்டை மாடி விவரத்தை அவிழ்த்தாள். அதற்குள் ராமாயியின் காலைப் பற்றியும் பேச்சு கிளம்பியிருந்தது. சுத்தமாக இருந்தவர்களுக்குக் கங்கு பூவாக இருக்கும், கொப்புளிக்காது. அவளுக்குக் கொப்புளித்திருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்றைக்குச் சாயங்காலம் சுவர் வழியாக வந்தது இது.

"நீ ஏன்டி அங்க போன?"

"போகாம? புள்ளைக்கு உசிரு குடுத்த வீடு."

"காப்பு அவுத்த பெறகு போயிருக்கலாம்ல?"

"செத்தவுக காத்திருப்பாகளா?"

பிறகு பெத்துராஜ் குரலை இறக்கினார். இறக்கினால் எங்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல வந்து, தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. காப்ப அவுத்துருவாக. விசயம் முடிஞ்சுபோகும்."

"யாருக்கு முடிஞ்சுபோகும்?"

"எல்லாருக்குந்தான்."

"அப்படி அவுத்தா நேத்திக்கடன் விழுந்துபோச்சுன்னு அர்த்தம். இனி இங்கன தீயே மூட்டக் கூடாதுன்னு ரயில்வே செக்யூரிட்டிக்காரன் சொல்லிட்டுப் போயிட்டான். நான் எந்தக் குழியில போயி இறங்க? நாளைக்கு அசோக்குக்கு ஒரு காய்ச்சல்னா, ஆத்தாகிட்ட என்ன மொகத்த வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

அவர் கணக்கு வேறு. தீட்டு என்று முடிந்தால் நேரம் என்ற பேச்சே வராது. மோட்டார் சைக்கிள் எரிந்தவர்கள் ஏற்கெனவே "யாருப்பா சாயங்காலம் வச்சது" என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மன் கோபம் என்று தெரிந்ததும் அந்த முணுமுணுப்பு நின்றது. பெத்துராஜ் அந்த வாரம்தான் மிச்சப் பாதி மீசையையும் மழித்துவிட்டு நிமிர்ந்து நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் கூட்டம். கூரைத் தகரம் பறந்துபோயிருந்ததால் நல்ல வெளிச்சம். ராமாயியை அசோக்கும் இன்னொருவனும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கட்டுப்போட்ட கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்த தோரணை, கவுன்சிலருக்குப் போட்ட நாற்காலி இவளுக்குத்தான் போட்டதோ என்று நினைக்க வைத்தது.

உத்தமன் தொண்டையைக் கனைத்தார். "அக்கா, காப்புக் கட்டுன கையோட எழவு வீட்டுக்குப் போனது நெசமா?"

"நெசந்தான்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்துச் சாட்சியோடு வந்திருந்த அருக்காணிக்கு ஏமாற்றம். "நாம் பாத்தனுங், மாடீல வடகத்துக்குக் காக்கா முடுக்கீட்டிருந்தப்ப..." என்று அதையும் சொல்லி வைத்தாள்.

"அருக்காணி, நீ பாக்காதது இந்தக் காலனியில என்ன இருக்கு? அன்னைக்கு நான் ஓடுனேனே, அதையும் பாத்தியா?"

"பாத்தனுங்க்கா."

"எது மேல ஓடுனேன்?"

"குழி மேலதானுங். கங்கு பூராம் செதறிக் கெடந்துச்சே."

"அப்ப பூக்குழி இறங்குனேனா, இல்லையா?"

கூடத்தில் சலசலப்பு. கரகம் முன்னால் போகவில்லையே என்றார் ஒருவர். கரகம் கோயிலுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தது என்றார் இன்னொருவர். கிழக்கே இருந்து மேற்கே போகணும், அக்கா மேற்கே இருந்து கிழக்கே போனாங்க என்று ஒரு திசை வல்லுநர் கிளம்பினார்.

உத்தமன் கடைசிச் சீட்டை இறக்கினார். "கால் கொப்புளிச்சிருக்கேக்கா. தீட்டு இல்லாட்டி கொப்புளிக்குமா?"

"நெருப்புல மிதிச்சா கொப்புளிக்காம என்ன செய்யும் உத்தமா? நீ வெல்டரு, ஒனக்கு நான் சொல்லணுமா?" ராமாயி குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு ஹவுரா வரைக்கும் மரம் விழுந்துச்சாம். எத்தன கூரை பறந்துச்சாம். அங்கயெல்லாம் யாரு எழவு வீட்டுக்குப் போனது? நானா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கு வந்தது. உத்தமனே உதட்டைக் கடித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. "நீ கட்டுனது, நீயே அவுரு. ஆனா விழுந்துபோச்சுன்னு சொல்லி அவுக்காத. முடிஞ்சதுன்னு சொல்லி அவுரு."

உத்தமன் நூலைப் பார்த்தார், பிறகு பெத்துராஜைப் பார்த்தார். இன்னார் இறங்கியாச்சு என்று மைக்கில் சொல்ல வேண்டியவர் செயலாளர். அவர் சொன்னால்தான் பூசாரி அவிழ்ப்பது வழக்கம். கூடத்தில் எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். ராமாயி மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெத்துராஜ் எழுந்தார். மைக் இல்லாமல் அவருக்கு நாலு வார்த்தை கோவையாக வராது. தானே காப்பாற்றிய மைக்கை எடுத்து, ரெண்டு தட்டுத் தட்டினார். மீசை இல்லாத மேலுதடு வியர்த்திருந்தது.

"அன்னைக்கு நேரத்த மாத்துனது நாந்தான்" என்றார். "வீட்டுல வேணாம்னாக. மகன் வேணாம்னான். கவுன்சிலர் வருவாருன்னு நான் வச்சேன். வெள்ளன வச்சிருந்தா காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. தீட்டும் இல்ல, கோவமும் இல்ல. ஏந் தப்பு." மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். "ராமாயி பூக்குழி இறங்கியாச்சு."

கூரை போனாலும் கூம்பு ஒலிபெருக்கி போகவில்லை. அது ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. செயலாளரின் தப்பு, டீக்கடை, சலூன், பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ் தெரியாதவர்களும் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. உத்தமன் நகத்தால் முயன்று, பிறகு பல்லால் கடித்து அவிழ்த்தார். "முடிஞ்சதுக்கா" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதற்குள் கூடத்தில் பாதிப் பேர், சாயங்காலம் வேண்டாம் என்று தாங்கள் அன்றைக்கே சொன்னதாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் பெத்துராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஓடவில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கமிட்டியிலிருந்து விலகுவதாக அவர் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் வீடு திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அசோக் நியூ டவுனுக்குக் கிளம்பிப் போய்விட்டான். ஷிப்ரா வந்து ராமாயியின் காலுக்கு மருந்து போட்டுக் கட்டை மாற்றிவிட்டுப் போயிருந்தாள். அடுப்பை மூட்டிச் சோறும் ரசமும் வைத்தவளும் அவள்தான். எழவு வீட்டுக்காரி சமைத்ததா என்று கேட்க இன்னும் யாரும் முளைக்கவில்லை, வருவார்கள்.

சுவருக்கு அந்தப்பக்கம் செருப்பைக் கழற்றிப் போட்ட சத்தம். பிறகு தட்டு உருண்ட சத்தம். அலமாரி திறந்து மூடிய சத்தம். திரும்பவும் திறந்த சத்தம்.

"ராமாயி."

"ம்."

"கரண்டி எங்க இருக்கு?"

"மணி பாத்து ஊரையே மாத்தி வச்ச ஆளுக்கு, வீட்டுல கரண்டி எங்க இருக்குன்னு தெரியலையா?"

ஏதோ ஒரு டப்பா கீழே விழுந்தது. கடுகாக இருக்க வேண்டும், வெகுநேரம் உருண்டது.

"அத அப்புறம் கூட்டலாம்" என்றாள் ராமாயி. "அடுப்புக்கு வலது கைப் பக்கம் பாருங்க. எனக்கும் சேத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க. பசிக்கு."